எழும்பூர் சாலைப் பலகையில் இன்னும் நான்கு வரி

பெருநகர சென்னை மாநகராட்சி மேயருக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எழும்பூரில் ராஜரத்தினம் மைதானம் இருக்கும் சாலைக்கு ருக்மணி லட்சுமிபதி சாலை என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்ஷல்ஸ் ரோடா?" என்பார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பெயர்ப்பலகையில் அந்த அம்மா யார் என்று ஒரு வரிகூடக் கிடையாதே.

அதை எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். 'விடுதலைப் போராட்ட வீராங்கனை' என்று இரண்டே சொல்லில் கதையை முடித்துவிடாதீர்கள், அவ்வளவுதான். வீராங்கனைதான், மறுக்கவில்லை. 1930-இல் ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு கைதானார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர்தான்.

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1926-இல், பாரிஸில் கூடிய சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போயிருக்கிறார். அப்போது இங்கே நிலைமை என்ன? சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இலேயே ஓட்டு கிடைத்துவிட்டது என்று நாம் பெருமையடித்துக்கொள்கிறோம். சொத்துத் தகுதி இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது; களை பறிக்கிறவளுக்கும் சித்தாளுக்கும் இல்லை. வயது வந்த எல்லாப் பெண்களும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தலைப் பார்க்க ருக்மணி உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பு, 1951 ஆகஸ்டில் காலமாகிவிட்டார்.

நடுவில் 1937-இல் சட்டமன்றத் துணை சபாநாயகர். 1946-இல், மாகாண அரசுக்குத் தலைமை வகித்த டி. பிரகாசத்தின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரே அவர்தான். சிறைக்குப் போனது பலருக்கும் தெரிந்திருக்கலாம். சபையை நடத்தியதும் ஒரு துறையை நிர்வகித்ததும் ஏனோ யார் வாயிலும் வருவதில்லை. பெண்களைத் தியாகிகளாகக் கும்பிடுவது நமக்குச் சுலபம், அதிகாரத்தில் இருந்தவர்களாக நினைவில் வைப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

இன்று உங்கள் மாமன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆகவே தீர்மானத்தைப் பெண் உறுப்பினர் ஒருவரே கொண்டுவரட்டும். பாரிஸ், வேதாரண்யம், துணை சபாநாயகர், அமைச்சர்: நான்கு வரி போதும். பழைய பெயரையும் அடியில் சின்னதாகப் போட்டுவிடுங்கள், முகவரி தேடி வருகிறவர்களுக்கு உதவும். மைதானத்தின் வாசலருகே வைத்தால் காலையில் ஓட வருகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது படிப்பார்கள்.

இப்படிக்கு,
அந்தச் சாலை வழியே தினமும் வேலைக்குப் போகிற ஒருத்தி