ஓடத்தான் முடியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் 'கிளாக் டவர்' என்ற பழைய திகில் வீடியோ கேம் விளையாடுகிறேன். அதைப் பற்றி உன்னிடம் பேசியே ஆகவேண்டும்.

1995-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்காக ஹியூமன் என்டர்டெயின்மென்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் அதை வெளியிட்டது. இயக்கியவர் ஹிஃபுமி கோனோ. அப்போது ஜப்பானில் மட்டும்தான் கிடைத்தது. ரசிகர்களே ஆங்கிலப்படுத்தி இத்தனை வருஷம் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். முறைப்படி ஆங்கிலத்தில் வந்தது 2024-இல்தான், 'ரீவைண்ட்' என்ற பெயரில்.

கதை நடப்பது நார்வேயில். ஜெனிஃபர் என்ற அநாதைப் பெண்ணையும் மூன்று தோழிகளையும் தத்தெடுத்து, பாரோஸ் மாளிகைக்கு அழைத்து வருகிறார்கள். சற்று நேரத்தில் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் கூடம் இருண்டு கிடக்கிறது, தோழிகளைக் காணோம். அப்புறம்தான் ராட்சதக் கத்தரிக்கோலோடு அந்தக் கொலைகாரன் வருகிறான்.

துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டுப் பயமுறுத்தும் விளையாட்டுகளில் குண்டு இருக்கும்வரை எனக்குத் தைரியம் இருக்கும். ஜெனிஃபரிடம் ஒன்றுமில்லை. அவளை நாம் நேராக நடத்தவும் முடியாது. அம்புக்குறியால் இடத்தைக் காட்டினால் அவளாக நடந்து போவாள். பின்னால் அவன் வரும்போது அந்தக் கணநேரத் தாமதம் நெஞ்சைப் பிசைகிறது. அதிகம் ஓடினால் களைத்துவிடுவாள். மூலையில் தெரியும் அவள் முகப்படத்தின் நிறம் நீலத்திலிருந்து சிவப்பை நோக்கிப் போகும். எங்காவது உட்கார்ந்து மூச்சு வாங்க விடவேண்டும். போன தடவை காப்பாற்றிய மறைவிடம் இந்தத் தடவையும் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. பெரும்பாலான நேரம் இசையே கிடையாது, அவள் காலடிச் சத்தம் மட்டும். அவன் வரும்போதுதான் இசை பாய்ந்து வரும். இத்தனை சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு பயத்தை அடைத்த அந்த மனிதர்களை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது.

ஓரிடத்தில் ஒரு கார் நிற்கிறது. தோழிகளை விட்டுவிட்டு அதில் ஏறித் தப்பிக்கலாம். ஜெனிஃபர் முதலில் தயங்குகிறாள். நாம்தான் வற்புறுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றினால், பின்சீட்டிலிருந்து கத்தரிக்கோல் எழுகிறது. கோழைத்தனத்துக்கு இவ்வளவு கண்டிப்பான முடிவை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. முடிவுகள் இன்னும் பல உண்டு, அவற்றைச் சொல்லமாட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? லேப்டாப்பை எடுத்து வா. மொட்டைமாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, ராத்திரி முழுக்க விளையாடலாம்.

அன்புடன்,
முரளி