வீட்டுக்கடன் காப்புறுதிக்கு 8 வீத வரி: ஒன்ராறியோ நிதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) வேலை. கணவர் ஒரு குளிர்களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சில வருடங்களுக்கு முன்பு 750,000 டொலருக்கு ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் கனடாவில் வீடு வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான்.

வீடு எங்கள் பேருக்கு மாறும் கிளோசிங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது லோயர் அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்தா. "அன்ரி, பாங்க் ட்ராஃப்ட்டில இன்னும் 2,240 டொலர் கூட்டிக் கொண்டு வாங்கோ, பி.எஸ்.ரி. கட்ட வேணும்" என்றா. பி.எஸ்.ரி. என்றால் மாகாண விற்பனை வரி. எதற்கான பி.எஸ்.ரி. என்று கேட்டேன். "மோர்ட்கேஜ் இன்சூரன்ஸுக்கு" என்றா. அந்த இன்சூரன்ஸைக் கடனோடு சேர்த்தாயிற்று என்று புரோக்கர் சொல்லியிருந்தாரே என்றேன். "இன்சூரன்ஸைச் சேர்க்கலாம் அன்ரி, அதின்ர வரியைச் சேர்க்க ஏலாது. அது கையில காசாத்தான் தர வேணும்."

கிளோசிங் செலவுக்கென்று ஒதுக்கி வைத்த காசு அதற்குள் முடிந்திருந்தது. ரொறன்ரோவில் வீடு வாங்கினால் மாகாணத்துக்கு ஒன்று, நகரசபைக்கு ஒன்று என்று உரிமை மாற்று வரி இரண்டு முறை. முதல் வீட்டுக்காரருக்கான கழிவுகள் போகவும் 14,475 டொலர் கட்டினோம். மிச்சத்தை லோயரின் கூலியும் வீட்டைச் சோதித்தவரின் கூலியும் எடுத்துக்கொண்டன. அதனால் மாதம் 200 டொலர்படி இருபது பேர் கட்டுகிற சீட்டை அந்த மாதமே 700 டொலர் கழிவுக்குக் கூறி எடுத்தேன். உங்களுடைய 2,240 எங்களுக்கு 2,940 ஆனது அப்படித்தான். அப்போது எனக்கு மணிக்கு 25 டொலர் சம்பளம். அந்த வரி மட்டும், சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கமுன், பதினொரு சிஃப்ட் வேலைக்குச் சமம்.

அது எங்களோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். இப்போது என் தங்கச்சியின் மகள் வீடு பார்க்கிறாள். அவளுக்காக இந்தக் கணக்கைத் திரும்ப எடுத்து முதலிலிருந்து வடிவாகப் பார்த்தேன். பார்த்தபிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டு விலையில் 20 வீதத்தை முற்பணமாகப் போட முடியாதவர்கள் வங்கிக் கடனுக்குக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அதை வழங்குவது மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்புறுதி நிறுவனமான சி.எம்.எச்.சி., இல்லையென்றால் சேஜன், கனடா கரண்டி என்ற இரண்டு தனியார் நிறுவனங்களில் ஒன்று. அந்த இரண்டுக்குப் பின்னாலும் மத்திய அரசின் உத்தரவாதம் நிற்கிறது. 1954 இல் இந்தக் காப்புறுதி வந்த பிறகுதான் வங்கிகள் சாதாரண வேலைக்காரருக்குத் துணிந்து வீட்டுக்கடன் கொடுக்கத் தொடங்கின. அதை நான் குறை சொல்ல வரவில்லை. அது இல்லையென்றால் 50,000 டொலரோடு போன எங்களுக்கு எந்த வங்கியும் 700,000 டொலர் தந்திருக்காது. கடனில் 4 வீதம், அதாவது 28,000 டொலர், பிரீமியம். அதைக் கடனோடு சேர்த்துக் கட்டுகிறோம். நாலரை வீத வட்டியில் 25 வருடம் கட்டினால் அந்த 28,000 மாதம் 155 டொலர் வரும். கட்டி முடிக்கும்போது 46,000 டொலரைத் தாண்டியிருக்கும். பாரம்தான். ஆனாலும் அந்தப் பாரத்துக்குப் பதிலாக எங்களுக்கு ஒரு கதவு திறந்தது. அந்தக் காசு மத்திய அரசின் விடயம், அதைப்பற்றி ஒட்டாவாவுக்கு வேறாக எழுதுவேன்.

உங்களிடம் நான் கேட்பது அதன்மேல் நீங்கள் போடும் 8 வீதத்தைப் பற்றி. அதற்குப் பதிலாக எங்களுக்கு என்ன கிடைத்தது?

2010 யூலை 1 ஆம் திகதி மத்திய, மாகாண விற்பனை வரிகளை ஒன்றாக்கிய எச்.எஸ்.ரி. வந்தபோது பழைய மாகாண விற்பனை வரி கடைகளிலிருந்து போய்விட்டது. இன்சூரன்ஸ் பிரீமியங்கள் போன்ற சிலவற்றில் மட்டும் அது தங்கிவிட்டது. வீட்டுக்கடன் காப்புறுதியையும் இன்னொரு இன்சூரன்ஸ் என்று அதே பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். ஆனால் இது மற்ற இன்சூரன்ஸ் மாதிரி இல்லை. வீட்டு இன்சூரன்ஸ் எடுத்தால் வீடு எரிந்தால் எனக்குக் காசு வரும். இதில் எனக்கு ஒரு சதமும் வராது. நான் தவணை கட்டாமல் விட்டால், வீட்டை விற்றும் தீராத மிச்சத்தை வங்கிக்குக் கொடுப்பதற்கான காப்புறுதி இது. கொடுத்த பிறகு அந்தக் காசை என்னிடமே திரும்பக் கேட்கவும் காப்புறுதி நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. பாதுகாப்பு வங்கிக்கு, பிரீமியம் என்னுடையது, வரியும் என்னுடையது.

கார் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் அதற்கு இந்த 8 வீதம் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாமல் காரை வீதியில் இறக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 20 வீதம் இல்லாமல் கடன் வாங்குகிறவர் காப்புறுதி எடுக்காமல் இருக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். ஒரு கட்டாயத்துக்கு வரி இல்லை, மற்றக் கட்டாயத்துக்கு வரி. இரண்டு கார் வைத்திருப்பவருக்கு விட்டுக் கொடுக்கிற வரியை, முதன்முதலாக ஒரு கூரை வாங்குகிறவரிடம் ஏன் அறவிடுகிறீர்கள் என்று எத்தனை முறை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

இந்த வரி யார்மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் வீட்டையே, அதே விலைக்கு, நாலு பேர் வாங்குகிறார்கள் என்று வைப்போம். தகப்பன் தாயின் வீட்டிலிருந்து உதவி கிடைத்த ஒருவர் 150,000 போடுகிறார். அவருக்குக் காப்புறுதியும் இல்லை, வரியும் இல்லை. 112,500 போடுகிறவருக்கு வரி 1,428 டொலர். 75,000 போடுகிறவருக்கு 1,674. எங்களைப் போல ஆகக் குறைந்த 50,000 மட்டும் போடக்கூடியவருக்கு 2,240. தவணையைக் கொஞ்சம் குறைக்க 30 வருடக் கடன் எடுத்தால் பிரீமியம் இன்னும் 0.20 வீதம் கூடும், வரியும் 2,352 ஆகும். கையில் காசு குறையக் குறைய வரி கூடுகிறது. அதுவும் கையில் ஒரு சதமும் மிஞ்சாத அந்த ஒரு நாளில், கடனில் சேர்க்க முடியாத காசாகக் கேட்கிறீர்கள். நான் வேலை செய்யும் இடத்தில் புதிதாக வீடு வாங்கிய பிள்ளைகளைக் கேட்டேன். ஒருத்தி தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறாள். இன்னொருத்தி கிரெடிட் கார்ட்டில் எடுத்து, அதற்கு இன்னும் வட்டி கட்டுகிறாள்.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். உரிமை மாற்று வரியில் 4,000 டொலர் வரை திருப்பித் தருகிறீர்கள். 2025 இலையுதிர் காலத்தில், புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கும் முதல் வீட்டுக்காரருக்கு எச்.எஸ்.ரி.யின் மாகாணப் பங்கான 8 வீதத்தை நீக்கப்போவதாக அறிவித்தீர்கள். அன்று அந்தச் செய்தியை வானொலியில் கேட்டு நான் சந்தோசப்பட்டேன். ஆனால் எங்கள் ஆட்களில் கனபேர் முதலில் வாங்குவது பழைய வீடு. நாற்பது வருடத்துக் கொண்டோ, பேஸ்மன்ட் வாடகைக்கு விடலாம் என்று பார்த்து வாங்கும் பழைய செமி, அதாவது ஒரு பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பகிரும் வீடு. பழைய வீட்டுக்கு எச்.எஸ்.ரி. இல்லை, ஆகவே அந்தச் சலுகையில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கட்டும் 8 வீதம் இந்தக் காப்புறுதி வரிதான். ஒரு பக்கத்தால் 4,000 தந்து மறுபக்கத்தால் 2,240 திரும்ப எடுக்கிறீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் இதே காப்புறுதிக்கு மாகாண வரி இல்லை.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சியின் கணவர் திடீரென்று மோசம் போய்விட்டார். ஒஷாவா பக்கம் 500,000 டொலர் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தியேட்டி முடிந்து நாலு நாளில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் எல்லாப் பேப்பர்களையும் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, இன்சூரன்ஸ் எண்டு எழுதிக் கிடக்குது. 19,000 டொலர் கட்டியிருக்கிறம். இனி மோர்ட்கேஜ் கட்டத் தேவையில்லைத்தானே?" குசினி மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். அந்த 19,000 வங்கிக்கான காப்புறுதி. அதற்குக் கீழே இன்னொரு பேப்பர் இருந்தது. வங்கி ஆயுள் காப்புறுதி வேண்டுமா என்று கேட்ட படிவம். "வேண்டாம்" என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டு அவர் கையெழுத்து வைத்திருந்தார். "ஒரு இன்சூரன்ஸ் இருக்குத்தானே, ரெண்டாவது எதுக்கு எண்டு அவர்தான் சொன்னவர்" என்றாள். அவர் படிக்காத மனுசன் இல்லை. இலங்கையில் கணக்குப் படிப்பித்தவர். இன்சூரன்ஸ் என்ற ஒரு சொல் இரண்டு பேப்பரிலும் இருந்தது, எது யாருக்கு என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வீட்டை அவள் விற்றுவிட்டாள்.

அமைச்சர் அவர்களே, வரியை எடுப்பதும் விடுவதும் உங்கள் கையில். மோர்ட்கேஜ் புரோக்கர்மார் எதைச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் மாகாணத்தின் அதிகாரத்துக்குள்தான் வருகிறது. ஒன்ராறியோ நிதிச்சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆகவே இரண்டையும் உங்களிடமே கேட்கிறேன்.

முதலாவது, முதல் வீடு வாங்குகிறவரின் வீட்டுக்கடன் காப்புறுதிப் பிரீமியத்துக்கு மாகாண விற்பனை வரி வேண்டாம். கார் இன்சூரன்ஸுக்கு விலக்கு இருப்பது போல இதற்கும் ஒரு விலக்கு எழுதுங்கள். உரிமை மாற்று வரிக் கழிவை முதல் வீட்டுக்காரர் இப்போது எப்படி எடுக்கிறாரோ, அதே சத்தியக் கூற்றை வைத்து, அதே நாளில், லோயரின் மேசையிலேயே இதையும் கழிக்கலாம். புதிதாக ஒரு அலுவலகமும் தேவையில்லை. பிறகு திருப்பித் தருகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்களுக்குக் காசு இல்லாத நாள் கிளோசிங் நாள்தான்.

இரண்டாவது, கடன் பேப்பரில் காப்புறுதிப் பிரீமியம் வரும் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு வசனம்: "இந்தக் காப்புறுதி கடன் கொடுப்பவருக்கானது, நீங்கள் இறந்தாலோ வேலை இழந்தாலோ இது உங்கள் கடனைக் கட்டாது." அதே வசனம் தமிழிலும் இருக்க வேண்டும். பஞ்சாபியிலும், மண்டரினிலும், தகலொக்கிலும் இருக்க வேண்டும். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2014 இல் ஒன்ராறியோ சட்டசபை சட்டமாக்கியபோது என் பிள்ளைகள் பள்ளியில் கோலம் போட்டார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. கையெழுத்து வைக்கும் பேப்பரிலும் அந்த மொழியில் ஒரு வசனம் வேண்டும் என்று கேட்கிறேன்.

என் தங்கச்சியின் மகளுக்கு ஏஜக்ஸில் ஒரு வீடு பிடித்திருக்கிறது, பழைய செமி. 700,000 என்கிறார்கள். நான் போட்ட கணக்கில் முற்பணம் 45,000, கடன் 655,000, பிரீமியம் 26,200, வரி 2,096. இந்த 2,096 ஐத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வை, தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் நீங்கள் மனம் வைத்தால், அந்தக் காசில் வீட்டின் ஒழுகுகிற கூரையைத் திருத்தலாம் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து,
வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய்