துண்டை எறிய வேண்டியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பதைக் கடந்த குத்துச்சண்டை வீரர்கள் மீண்டும் ரிங்குக்குத் திரும்புவதைத் துணிச்சல் என்று பாராட்டி, தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிங்காநல்லூரில் மில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க இயலவில்லை. தம் வீரர் இனித் தாங்கமாட்டார் என்று கண்டால், பயிற்சியாளர் ரிங்குக்குள் துண்டை எறிந்து சண்டையை நிறுத்துவது எங்கள் வழக்கம்.

கட்டுரையாளர் ஜார்ஜ் ஃபோர்மனை எடுத்துக்காட்டுகிறார். 1994இல் தமது 45ஆம் வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி அவர் மீண்டும் உலக சாம்பியன் ஆனது உண்மைதான். ஆனால், நடுவில் பத்தாண்டுகள் அவர் யாரிடமும் குத்து வாங்காமல் ஒதுங்கியிருந்தார் என்பதையும், பத்தாவது சுற்றில் அந்த ஒரு குத்து விழும் வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் நினைத்துக்கொள்வது முகமது அலியை. 1980இன் தொடக்கத்தில் அவர் சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆட வந்தபோது, வீட்டில் பொய் சொல்லிவிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப்போன பையன்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு அக்டோபரில், மருத்துவப் பரிசோதனை முடிந்து முறையாக உரிமமும் பெற்று, 38 வயதில் லாரி ஹோம்ஸை எதிர்கொண்ட அவர், பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி தடுத்த பிறகே சண்டை நின்றது. அப்படியிருந்தும் மறு ஆண்டு டிரெவர் பெர்பிக்குடன் இன்னொரு முறை மோதித் தோற்றார். 1984இல் அவருக்கு மூளையைப் பாதிக்கும் பார்க்கின்சன் நோய் என்று அறிவிக்கப்பட்டது.

உரிமம் கையில் இருந்தும் இப்படி என்றால், வயது வரம்பு மட்டும் போதுமா? அமெச்சூர் போட்டிகளில் 40 என்ற வரம்பு உண்டு. மேரி கோம் அதனால்தான் ஒதுங்க நேர்ந்தது. வரம்பு தேவையே. எனினும், மூளை வாங்கும் அடி போட்டியில் விழுவது மட்டுமன்று. ஸ்பாரிங்கில், அதாவது சக வீரருடன் ஆடும் பயிற்சிச் சண்டையில், தினமும் விழுவதுதான் அதிகம். அதை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

என் மாணவர் ஒருவர், மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே பயிற்சிக்கு வருபவர், கையுறைக்கு அடியில் சுற்றும் துணிப்பட்டையைப் பேசிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் கையில் சுற்றிவிடுவார். முப்பத்தாறாம் வயதில் ஒருநாள், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் பட்டை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நின்றார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார், மறுபடி அங்கேயே நின்றார். அன்றே நிறுத்தச் சொன்னேன். தம் மூளை தடுமாறுவது அவருக்குத் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. ஆகவே முடிவை வீரரிடமே விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. (இரண்டு ஆண்டுகள் அவர் என்னுடன் பேசவில்லை என்பது வேறு கதை.)

எனவே, 35 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழுடன், அவர் ஆண்டில் எத்தனை சுற்று ஸ்பாரிங் ஆடினார், எத்தனை முறை நிலைகுலைந்தார் என்று பயிற்சியாளர் கையொப்பமிட்ட குறிப்பேட்டையும் கேட்டுப் பெறுமாறு குத்துச்சண்டைச் சங்கங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கையொப்பமிடத் தயங்கும் பயிற்சியாளர் யார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குத்துச்சண்டைப் பயிற்சியாளர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.