ஜிண்டர் படம் பார்த்த பிறகு பாப்பாவுக்கு எழுதியது

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய 'ஜிண்டர்' ஆவணப்பட லிங்க்கை நாலு நாளாகத் திறக்காமலே வைத்திருந்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போனில் பொடி எழுத்தைப் படித்தால் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, அதனால் நேற்று ராத்திரி ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெரிய மானிட்டரில் போட்டேன். அவர்கள் பேசுவது ஹௌசா, கீழே ஓடுவது இங்கிலீஷ், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்ததில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத படத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. அம்மா இரண்டு தடவை போன் போட்டுத் திட்டினாள். தோசை மாவு புளித்ததுதான் மிச்சம்.

"நம்ம தெருப் பசங்கள வச்சு இப்படி ஒரு படம் எடுக்கப் போறேன், நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நீ வகுப்புக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன், பொறுமையாகப் படி.

நைஜர் என்ற நாட்டை இதற்கு முன் நான் மேப்பில்கூடத் தேடியதில்லை, நைஜீரியாவைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன் (சிரிக்காதே). பார்த்தால் அதற்கு வடக்கே தனி நாடு, ஏறக்குறைய பாதி ஜனத்துக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. ஜிண்டர் ஒரு காலத்தில் அதன் தலைநகரம். சுல்தான் அரண்மனை, பழைய மண் சுவர், பெரிய பெரிய பாறைகள் என்று இருந்த ஊரிலிருந்து 1926-இல் பிரெஞ்சுக்காரர்கள் தலைநகரை மேற்கே 900 கிலோமீட்டர் தள்ளி நியாமேக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஊரின் ஓரத்தில்தான் காரா காரா. தொழுநோய் வந்தவர்களை ஒதுக்கி வைத்த இடம். இன்று அங்கே வளர்கிற பையன்களுக்கு நோய் எதுவும் இல்லை, ஆனாலும் இடத்தின் பெயர் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் ஆன்லைன் அப்ளிகேஷன் போட வருகிற காலனிப் பையன்களில் எத்தனை பேர், "அண்ணே, அட்ரஸ்ல காலனின்னு போடாம மெயின் ரோடுன்னு போட்டுருங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள் தெரியுமா? ஆதார் கேட்காத இடங்களில் நானும் அப்படியே போட்டுக் கொடுத்துவிடுவேன்.

படத்தில் எனக்குப் பிடித்த விஷயம் காரா காராவின் ரவுடிக் கூட்டங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல். 'பலே' என்கிறார்கள். நமக்குப் பலே என்றால் சபாஷ். அவர்களுக்கு அது பிரெஞ்சுச் சொல், அரண்மனை என்று அர்த்தமாம். தேடிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது, நைஜர் முழுக்கப் பையன்கள் சாயங்காலமானால் தெருவோரம் சுவரை ஒட்டி உட்கார்ந்து டீ போட்டுக் குடித்துப் பேசிக்கொண்டிருக்கிற ஜமாவுக்கு 'ஃபாதா' என்று பெயர், அந்த ஹௌசாச் சொல்லும் முதலில் மன்னர் சபையைக் குறித்ததுதான். வேலை இல்லை, கல்யாணம் பண்ணக் காசில்லை, உட்கார ஒரு பெஞ்சு மட்டும் இருக்கிறது, அதற்குப் பெயர் தர்பார்! இந்தக் கிண்டலை எந்தப் படித்தவனும் யோசித்திருக்க முடியாது. ஆனால் ஃபாதா வேறு, பலே வேறு. டீ குடிக்கிற ஜமாவைப் பார்த்து யாரும் வழி மாறிப் போவதில்லை. பலே என்றால் கத்தி.

ஒரு பலேயின் பெயர் ஹிட்லர். கொடியில் அந்தச் சின்னத்தையும் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கண்டிப்பான கணக்கு வாத்தியாருக்கு வைக்கிற பட்டப்பெயர் அது, அந்தப் பையன்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், யாராலும் ஜெயிக்க முடியாத ஒரு பலசாலி என்று எங்கேயோ காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் தூக்கிவாரிப் போட்டிருக்கும். படத்தை எடுத்த ஆயிஷா மாக்கி அதை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டியிருக்கலாம், ஓட்டவில்லை. கொடியைக் காட்டிவிட்டு, அந்தப் பையன் வீட்டில் என்ன செய்கிறான், யாரிடம் வேலை கேட்கிறான் என்று போய்விடுகிறார். உடம்பை வளர்த்து வைத்திருக்கிறோமே, அதையே வைத்து ஒரு செக்யூரிட்டி கம்பெனி ஆரம்பித்தால் என்ன என்று அலைகிறான் ஒருவன். பழைய பலே ஆள் ஒருவன் வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறான், முன்பு பெண்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றி ஒரு பெண் பிடித்திருக்கிற கேமராவுக்கு முன்னால் வாயைத் திறந்து பேசுகிறான். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவனை மன்னிக்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்புறம் அந்தப் பெட்ரோல். ஆண் என்றும் பெண் என்றும் ஒரு பக்கமாகச் சொல்ல முடியாத உடம்போடு பிறந்த ஒருவர் நைஜீரியா எல்லையிலிருந்து கள்ளப் பெட்ரோல் கொண்டுவந்து விற்கிறார் இல்லையா, அதன் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை, ஏனென்றால் ஜிண்டருக்குப் பக்கத்திலேயே 2011-இல் சீனக் கம்பெனியோடு சேர்ந்து சுத்திகரிப்பு ஆலை திறந்திருக்கிறார்கள். வாசலில் கிணறு இருக்கும்போது எவன் பக்கத்து ஊருக்குக் குடத்தைத் தூக்குவான்? அப்புறம்தான் புரிந்தது, அந்தச் சமயத்தில் நைஜீரிய அரசாங்கம் மானியம் கொடுத்துப் பெட்ரோலை மலிவாக வைத்திருந்தது, கேனில் கட்டிக் கொண்டுவந்து விற்றாலும் ஜிண்டரில் பெட்ரோல் பங்க் விலையை விடக் குறைவு. 2023-இல் அங்கே மானியத்தை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, எல்லையை மூடினார்கள். படம் வந்தது 2021-இல். நான் பார்க்கும்போது அவர் பிழைப்பு எந்த நிலையில் இருக்கிறதோ என்றுதான் மனசு போனது. படம் அதே இடத்தில் நின்றுவிடுகிறது, அவர் நிற்க முடியாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். "நம்ம தெருதானே, நான் பொறந்து வளர்ந்த இடம்தானே" என்று நீ எழுதியிருந்த வரி எனக்கு உறுத்தியது. ஆயிஷா மாக்கி ஜிண்டரில் பிறந்தவர்தான், காரா காராவில் இல்லை. அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்கிற வீடுகள் ஜிண்டரிலும் இருந்திருக்கும், நம் வீட்டைப் போல. நாங்கள் உன்னைக் காலனி வழியாக ஸ்கூலுக்குப் போகவிட்டதே இல்லை, நினைவிருக்கிறதா? சுற்றி மெயின் ரோட்டில்தான் போவாய். அதைச் சொன்னது நான்தான், அம்மாமேல் பழி போடாதே. எங்கே எந்தக் கடை, எந்தச் சந்து எங்கே முடிகிறது என்பது உனக்குத் தெரியும், அந்தப் பையன்களுக்கு நீ போட்டோ ஸ்டுடியோக்காரர் மகள், வெளிநாட்டில் படிக்கிற பொண்ணு.

ஆயிஷா மாக்கி இதற்கு முந்தின படத்தில் கேமராவைத் தன் பக்கமே திருப்பியிருக்கிறார் என்று படித்தேன். 'கனியற்ற மரம்', 2016. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத பெண்ணாக அந்த ஊரில் இருப்பது எப்படி என்று, பிரசவத்தில் இறந்துபோன தன் அம்மாவிடம் பேசுவது போல எடுத்திருக்கிறாராம். தன் காயத்தைக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவன் தழும்பைக் கேட்கப் போயிருக்கிறார். படிப்பு சமூகவியல் என்றாலும் கேள்வித்தாளோடு போன ஆள் மாதிரி இல்லை.

அதே நைஜரில் பழைய கதை ஒன்றும் இருக்கிறது, உனக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் ழான் ரூஷ், நைஜரிலிருந்து பிழைக்கப் போன பையன்களை அபிஜான் நகரத்தில் வைத்து 1958-இல் 'நான், ஒரு கறுப்பன்' எடுத்தார். அந்தப் பையன்களும் தங்களுக்கு அமெரிக்க சினிமாப் பெயர்களைத்தான் வைத்துக்கொண்டார்கள், ஒருவன் எட்வர்ட் ஜி. ராபின்சன், ஒருவன் டார்ஜான். பேரை இரவல் வாங்குவது நேற்று வந்த பழக்கம் இல்லை போல. அந்த ராபின்சனாக வந்தவர் உமரு காண்டா. ரூஷ் அவரையே குரல் கொடுக்கவும் வைத்தார், நல்ல மனுஷர்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் தன் கதையை அவர் காட்டிய விதம் காண்டாவுக்கு ஒப்பவில்லை, பத்து வருஷம் கழித்துத் தானே கேமராவுக்குப் பின்னால் வந்து 'கபாஸ்கபோ' எடுத்தார், தன் கதையைத் தானே சொன்னார். நீ ரூஷாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காலனியில் ஒரு காண்டா இருப்பான், அவன் என்றைக்காவது உன் படத்தைப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டு எடு.

இனிமேல் எழுதப் போவதை அம்மாவிடம் சொல்லாதே. அவளுக்கே தெரியாது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது காலனியில் ஒரு வெட்டுக் குத்து நடந்தது. மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார், தெரிந்தவர்தான், டீ வாங்கிக் கொடுத்தேன். "அந்தப் பசங்க உங்ககிட்டதானே பாஸ்போர்ட் சைஸ் எடுப்பாங்க, இருந்தா குடுங்களேன்" என்றார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கம்ப்யூட்டரில் காலனிப் பையன்கள் படம் பதினொன்று இருந்தது, பதினொன்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். யார் வெட்டினான், யார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் ஒருவன் மிலிட்டரி செலக்‌ஷனுக்கு என்று சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து எடுத்த படம். நான்தான் தலை வாரிவிட்டேன், "கொஞ்சம் தாடையத் தூக்குப்பா" என்று சொல்லி எடுத்தேன். அவனை மூன்று நாள் உள்ளே வைத்திருந்து விட்டார்கள். செலக்‌ஷன் தேதி போய்விட்டது. என் படத்தால்தான் பிடித்தார்களா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப் பயம். அவன் அதற்குப் பிறகு ஸ்டுடியோ படி ஏறவில்லை. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் போவான்.

முப்பது வருஷமாக முகத்தை எடுத்துப் பிழைக்கிறேன், எடுத்த முகம் எங்கெங்கே போகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உன் படம் இதை விட எவ்வளவோ பெரிய திரையில் ஓடும்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிசம்பரில் வா, கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதல் பத்து நாள் டீக்கடையில் உட்கார். செலவைப் பற்றி யோசிக்காதே, மேல் மாடி வாடகை வந்திருக்கிறது. ஸ்டுடியோவையும் எடிட்டிங்குக்கு எடுத்துக்கொள், முகூர்த்த நாள் தவிர எனக்கு இப்போது அவ்வளவு வேலை இல்லை.

கழுத்துவரை பொத்தான் போட்ட அந்தப் படம் இன்னும் பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, அழிக்கவில்லை. ஒரு பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்திருக்கிறேன். நீ வந்ததும் நாம் இரண்டு பேருமாக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போவோம். நான் பேசி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே.

அப்பா