குவாம் மக்களுக்கு வாழ்த்து போதாது: அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

தமிழில் எழுதிய மடல் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்பது வேறு விஷயம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

ஆண்டுதோறும் ஜூலை 21 அன்று, பசிபிக் கடலில் உங்கள் ஆட்சிக்கு உட்பட்ட குவாம் தீவு விடுதலை நாளைக் கொண்டாடுகிறது. 1944-ல் அன்றுதான் ஜப்பானியரிடமிருந்து தீவை மீட்க உங்கள் படை அங்கே கரையேறியது. அணிவகுப்பு நடக்கும். தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்களின் விசுவாசத்தை நீங்களும் வாயார மெச்சுவீர்கள். அந்த விசுவாசத்துக்கு அவர்கள் கொடுத்த விலையைப் பேசும்போது மட்டும் கறாரான கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறீர்கள்.

1941 அக்டோபரிலேயே உங்கள் படையினரின் குடும்பங்களைக் கப்பலேற்றிவிட்டீர்கள். தீவின் சொந்தக்காரர்கள் அங்கேயே கிடந்தார்கள். டிசம்பர் 8-ல் குண்டு விழுந்தது. 10-ஆம் தேதி உங்கள் ஆளுநர் சரணடைந்தார். அப்புறம் இரண்டரை ஆண்டுக்கு மேல் ஜப்பானிய ஆட்சி. குனிந்து வணங்கத் தவறினால் கன்னத்தில் அறை. விமான ஓடுதளம் போடக் கட்டாய வேலை. உங்கள் கடற்படையைச் சேர்ந்த ஜார்ஜ் ட்வீடை அத்தனை காலமும் ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்கள் இந்த மக்கள்தான். அவர் எங்கே என்று கேட்டுக் கேட்டு ஜப்பானியர் இவர்களை அடித்தார்கள். பாதிரியார் துவேனியாஸின் தலையை 1944 ஜூலை 12-ல் வெட்டினார்கள். உங்கள் படை வர ஒன்பது நாள்தான் இருந்தது.

அதே வாரம் தெற்கே மலெஸ்ஸோ கிராமத்தில் இரண்டு இடங்களில் மொத்தம் 46 பேரைக் கொன்றார்கள். அதில் ஒன்றான டின்டா குகைக்குள் 30 பேரை அடைத்து, கையெறி குண்டு வீசி, உயிரோடு இருந்தவர்களைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார்கள். 14 பேர் பிணங்களோடு பிணமாகக் கிடந்து தப்பித்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை, கிழவி, கைக்குழந்தை என்று பாராமல், மனெங்கோன் பள்ளத்தாக்கு முகாமுக்கு நடத்திப் போனார்கள். அங்கே கூரை இல்லை. குடிக்கவும் குளிக்கவும் ஆறு ஒன்றுதான்.

இவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை நீங்கள் நிறைவேற்றியது 2016 டிசம்பரில். 72 ஆண்டு கழித்து! முகாமில் அடைபட்டவருக்கு 10,000 டாலர், படுகாயமோ பாலியல் வன்கொடுமையோ என்றால் 15,000, கொல்லப்பட்டவர் குடும்பத்துக்கு 25,000. சரி, தாமதமானாலும் வந்ததே என்று பார்த்தால், பணம் யாருடையது? குவாமில் பணிபுரியும் உங்கள் அரசு ஊழியர்களும் படையினரும் கட்டும் வருமான வரி சட்டப்படி குவாம் கஜானாவுக்குப் போக வேண்டியது. அதில் 2014-ஆம் ஆண்டின் அளவுக்கு மேல் வந்ததை எடுத்துத்தான் கொடுக்கச் சொன்னீர்கள். அவர்கள் பணத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டு அதற்கு அங்கீகாரம் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. மனெங்கோனில் பிழைத்து வந்தவர் 2016-க்கு முன் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. 1990-க்குப் பின் இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் தரலாம் என்று 2004-லேயே இந்த இழப்பீட்டை ஆராய நீங்கள் அமைத்த ஆய்வுக்குழு பரிந்துரைத்திருந்தது. அதை ஓரம்கட்டியது நீங்கள். உங்கள் அவையில் குவாம் பிரதிநிதிக்கு உட்கார நாற்காலி உண்டு, சட்டம் நிறைவேற்ற ஓட்டு இல்லை. அதனால் இதை எதிர்த்து அவரால் வாக்களிக்கக்கூட முடியாது.

2018 ஜூனில் மூடிய இழப்பீட்டு விண்ணப்பத்தைத் திரும்பத் திறங்கள். வாரிசுகளைச் சேருங்கள். குவாமின் வரிப்பணத்திலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செலவை உங்கள் கணக்கில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்