மாலை ஏழு மணிக்கு ஒரு சங்கீதம்: பெற்றோருக்கு

கர்த்தருக்குள் அன்பான பெற்றோருக்கு, ஸ்தோத்திரம்.

அடுத்த மாதம் 1-ந் தேதி முதல் நம் சேகரத்துச் சபைகளின் எல்லா வீடுகளிலும் வேதாகமத்தின் (பைபிளின்) சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரே நாளில் ஒரே பங்கை வாசிக்கப்போகிறோம். நம் போதகர் ஐயரவர்கள் ஞாயிறு ஆராதனையில் அறிவித்ததைக் கேட்டிருப்பீர்கள். தலைமையாசிரியையாக என் பங்குக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: வீட்டில் அதை உங்கள் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும்.

இது புதிதாக வந்த வழக்கம் அல்ல. 1549-ல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் தம் திருச்சபைக்குக் கொண்டுவந்த ஜெபப்புத்தகத்திலேயே 150 சங்கீதங்களும் 30 நாளுக்கு, காலை மாலை என்று பிரிக்கப்பட்டுவிட்டன. காலையில் பிள்ளைகளைக் கிளப்பவே நேரம் போதாது, தெரியும். மாலைப் பங்கு மட்டும் போதும். 4-ந் தேதி மாலைக்கு 22, 23-ம் சங்கீதங்கள். 15-ந் தேதி மாலைக்கு 78 மட்டும்தான், ஆனால் 72 வசனம். சின்னப் பிள்ளை பத்து வசனம் வாசித்தால் மீதியை நீங்கள் வாசியுங்கள். 24-ந் தேதி மாலை 119 தொடங்கும். எட்டெட்டு வசனமாக 22 பகுதி, அண்ணனும் தங்கையும் முறைவைத்து வாசிக்கத் தோதானது.

"எனக்கு எழுத்து தெரியாதே டீச்சர்" என்று சில தாய்மார் சொன்னீர்கள். என் ஆச்சிக்கும் தெரியாது. சாயங்காலம் பீடி சுற்றிக்கொண்டே "வாசி" என்பாள். ஒரு வரியைத் தாண்டிவிட்டால், "ஏட்டி, ஒண்ண விட்டுட்டியே" என்பாள், கை நிற்காது. கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதிச் சங்கீதம் மனப்பாடம். நான் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கப் பழகியது அவள் முன்னால்தான். ஆகவே நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

வேதத்தின் தமிழ் பழையது. 23-ம் சங்கீதத்தில் "தாழ்ச்சியடையேன்" என்ற இடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளை நிற்கும். நிற்கட்டும். எனக்கு ஒரு குறையும் வராது என்று அர்த்தம் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கும் பிடிபடாத சொல்லை நோட்டில் எழுதி அனுப்புங்கள், வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

1820-ல் நம் திருநெல்வேலிப் பக்கம் வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் தமிழ் வேத மொழிபெயர்ப்பைத் திருத்தவும் உழைத்தார், ஊர் ஊராகப் பள்ளிக்கூடமும் வைத்தார். வாசிக்கத் தெரியாத ஊரில் வேதம் பெட்டிக்குள்தானே கிடக்கும்? அதனால்தான் இது கோயில் காரியம் என்று பள்ளிக்கூடம் ஒதுங்கியிருக்க எனக்கு மனமில்லை.

மற்ற சமயப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளுக்கு இது வீட்டுப்பாடம் இல்லை, எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு நூலை அவர்களும் அந்த நேரத்தில் சத்தமாக வாசித்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

யாருக்கும் பரிசோ மார்க்கோ கிடையாது. பரிசுக்காகத் திறந்த வேதம் பரிசு வாங்கியதும் மூடிவிடும் என்பது என் பயம்.

அட்டவணையைப் பிள்ளைகளின் டைரியில் ஒட்டியிருக்கிறோம். முதல் நாள் மாலைக்கு 6, 7, 8. ஏழு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், அப்போது டிவியை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை