தோரியனைட்டும் ஆனந்த குமாரசாமியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் தாது மணலைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை, அந்த மணலில் ஓடியாடி வளர்ந்தவன் என்ற முறையில் மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். அதில் ஓரிடத்தில், நம் கரையில் தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தைத் தரும் கனிமம் தோரியனைட் என்று அச்சாகியுள்ளது. நம் கரையில் கிடைப்பது மோனசைட். தோரியனைட் அதனினும் மிக அரிய வேறொரு கனிமம். அதன் வரலாற்றில் தமிழர் ஒருவரின் மகனுக்கும் பங்குண்டு என்பதால், இத்திருத்தத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மோனசைட் மஞ்சளும் பழுப்பும் கலந்த மணிகளாகக் கருமணலோடு சேர்ந்து கிடக்கும் ஒரு பாஸ்பேட். அதில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். தோரியனைட்டோ பெரும்பகுதி தோரியம் ஆக்சைடாகவே அமைந்து, யுரேனியமும் கலந்த, கனமான கருநிறக் கனசதுரப் படிகம். அது முதன்முதலில் அறியப்பட்டது இலங்கையின் பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கல் தேடுவோர் அரித்தெடுக்கும் ஓடைச் சரளையில்.

அப்போது இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர் ஆனந்த குமாரசாமி. சர் முத்துக்குமாரசாமியின் மகனான அவரை நடராசர் வடிவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கிய கலை அறிஞராகவே நாம் அறிவோம். நிலவியல் படித்து அத்துறையில் பணியாற்றியவர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. 1904ஆம் ஆண்டில் தம் கைக்கு வந்த அக்கருங்கற்களை அவர் யுரேனியத்தின் தாதுவான யுரானினைட் என்றே முதலில் கருதினார். லண்டனில் அவற்றைப் பகுப்பாய்ந்த டன்ஸ்டன் என்பவரே அவை புதிய கனிமம் என்று கண்டு தோரியனைட் எனப் பெயரிட்டார். இந்தப் பெருமையை ஒருவருக்கே முழுதாக எழுதிவைக்க வேண்டியதில்லை. கல்லின் அருமையை உணர்ந்து உலகின் பார்வைக்குக் கொண்டுவந்த பங்கு குமாரசாமிக்கு உண்டு என்பதே போதும்.

அக்கல்லிலிருந்து பிரித்தெடுத்த, ரேடியம் கலந்த பேரியம் உப்பைத்தான் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியலாளர் வில்லியம் ராம்சே, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞரிடம் கொடுத்து, ரேடியத்தைத் தூய்மைப்படுத்தச் சொன்னார். கதிரியக்கத்தில் அதுவரை எந்தப் பயிற்சியும் இல்லாத ஹான், பகுதி பகுதியாகப் படிகமாக்கிப் பிரித்துக்கொண்டே போனபோது, ரேடியத்தோடு வேறொரு பொருளும் இருப்பதையும், அது தோரியத்தைக் காட்டிலும் பல மடங்கு வீரியத்துடன் தோரியத்துக்கே உரிய வாயுவை வெளிவிடுவதையும் கண்டார். 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இன்று நாம் தோரியம் 228 என்பது அதுவே. போல்ட்வுட் போன்ற அறிஞர்கள் தொடக்கத்தில் இதை நம்பவில்லை. பின்னர் அதைத் தோரியத்திலிருந்து எந்த வேதியியல் முறையாலும் பிரிக்க முடியவில்லை என்று தெரியவந்தது. ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் இருக்கக்கூடும் என்ற ஐசோடோப்புக் கருத்தை 1913இல் வேதியியலாளர் சோடி வெளியிடுவதற்கு வழி அமைத்த சான்றுகளில் இதுவும் ஒன்று. வேதித் தொழிற்சாலை வேலைக்காக ஆங்கிலம் கற்கவே லண்டன் வந்த ஹான், இதன் பிறகு அணு ஆய்விலேயே நிலைத்தார். 1938இல் அணுக்கருப் பிளவில் போய் முடிந்த பாதை அவருக்குப் பலாங்கொடைக் கல்லில் தொடங்கியது.

நம் கரையின் கதை இதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்த பிறகே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. திருவிழா நாட்களில் நாம் தலையில் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வெண்ணிறமாய் ஒளிர்ந்ததும் தோரியம் ஆக்சைடால்தான். இரண்டு கனிமங்களும் அருகருகே வைத்துச் சொல்லத்தக்கவை; ஆனால் ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு இட்டால் இரண்டின் வரலாறும் கெடும்.

ஆகவே, இத்திருத்தத்தை வெளியிடுவதோடு, தங்கள் மாணவர் பகுதியில் தோரியனைட் பற்றியும் குமாரசாமியின் நிலவியல் பணி பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.